றோஸ் கண்ணாடி மெல்பேர்ணுக்குப் போன கதை

வேலையை விட்டு இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. பிளாக்டவுனுக்குச் சாமான் வாங்கப் போனாலும் கத்தரிக்காயைப் பார்ப்பதற்கு முன் கடையின் கூரையைப் பார்க்கிறேன். அங்கே ஒரு ரியூப் லைற் துடித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை பரபரக்கும். போன கிழமை அதை மாற்றச் சொல்லிக் கடைக்காரத் தம்பியோடு சண்டையே பிடித்துவிட்டேன். "அன்ரி, உங்களுக்கு மட்டும்தான் அது துடிக்குது" என்றான். எனக்கு மட்டுமில்லை. அந்தத் துடிப்பில் தலை வெடிக்கிற பிள்ளைகளோடுதான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது.

இப்படி நான் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தபோதுதான் கவிதா ரெலிபோன் எடுத்தாள். சிட்னி மெரிலேண்ட்ஸ் மூக்குக்கண்ணாடிக் கடையில் என் இடத்துக்கு வந்திருக்கிற மலேசியப் பெண். கெட்டிக்காரி. வேகமானவள். வேகம்தான் அவளிடம் எனக்குப் பிடித்ததும், பயமானதும்.

"ஆன்ட்டி, அந்த பிங்க் லென்ஸ் இப்ப ரெடியாவே வருது. கம்ப்யூட்டர்ல ஆர்டர் போட்டா போதும். ஆனா இங்க பிள்ளைங்க ஒவ்வொரு தடவை வர்றப்பவும் அதே மூணு கேள்விய கேக்கணுமாம். டாக்டர் பார்த்து அனுப்பின பிள்ளைகிட்ட எதுக்கு ஆன்ட்டி மறுபடி மறுபடி?"

ரெலிபோனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. எழுதித் தருகிறேன் பிள்ளை என்றேன். அதைத்தான் எழுதுகிறேன். எழுதும்போதும் இரண்டு தடவை எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்துவிட்டு, குடிக்க மறந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தொழில் பழகிய கதை சின்னது. கொழும்பில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்தேன். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் எரிந்த கடைகளில் அதுவும் ஒன்று. அடுத்த வருடம் கணவருக்குப் பின்னால் சிட்னிக்கு வந்தேன். முதலில் லென்ஸ் வெட்டுகிற தொழிற்சாலை, பிறகு பின்னேர வகுப்பு, பிறகு மெரிலேண்ட்ஸ் கடை. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் டெஸ் பழக்கியது.

டெஸ் அந்தக் கடையின் முதலாளி. கண் பரிசோதிப்பவரும் அவரே. நெட்டையான வெள்ளைக்காரர், சட்டைக் கை எப்போதும் முழங்கைவரை சுருட்டியிருக்கும். இந்த நாட்டில் முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. கொஞ்சக் காலம் "மிஸ்டர் டெஸ்" என்று கூப்பிட்டு, வருகிற ஆட்களையெல்லாம் சிரிக்க வைத்தேன். அவர் திருத்தவில்லை. அவர் யாரையும் வாயால் திருத்துவதில்லை. நான் நிறமேற்றிய கண்ணாடி சரியாக இருந்தால் "ம்" என்பார், அடுத்ததை எடுப்பார். பிழையாக இருந்தால் அதைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு கடைக்குள் நடந்து திரிவார், நான் கண்டுபிடிக்கிறவரை.

வந்த புதிதில் அப்படி ஒரு நாள் பின்னேரம் முழுக்க நடந்தார். கொழும்பில் நாங்கள் படித்தது இங்கிலாந்துக்காரர் எழுதிய பாடம். நிறத்தைச் சரிபார்க்க வடக்கு யன்னலுக்குப் போ, அங்கேதான் வெயில் நேரே விழாது, வெளிச்சம் ஆடாது என்று அதில் இருக்கும். நானும் பக்தியோடு வடக்கு யன்னலில் பிடித்துப் பார்த்து, நல்ல மண்ணிறம் என்று கொடுத்தேன். உண்மையில் அது செங்கல் நிறம். டெஸ் கடைசியில் என்னைத் தெற்குப் பக்க யன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "இங்கே சூரியன் மற்றப் பக்கத்தால்தான் போகிறது, வசந்தி" என்றார். பூமியின் மற்றப் பாதிக்கு வந்துவிட்டேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு நாள் றோஸ் நிறச் சாயப் போத்தலோடு வந்தார். ஒற்றைத் தலையிடி உள்ள பிள்ளைகளுக்கு இங்கிலாந்தில் இந்த நிறம் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று அங்கேயுள்ள சிநேகிதர் சொன்னாராம். வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் சேருகிற ஒரு பகுதிதான் இந்தப் பிள்ளைகளைக் கூடுதலாக வதைக்கிறது. றோஸ் நிறம் அதை மறித்துக்கொண்டு மற்றதை விடும். கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் மறிக்கும். வீட்டுக்குள் அதைப் போட்டுப் போட்டுக் கண் இருட்டுக்குப் பழகிவிட்டால், பிறகு சாதாரண அறை வெளிச்சமே தாங்காது. இதைத் தாய்மாருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "இன்னும் கொஞ்சம் கடுமையாப் போட்டுத் தாங்கோ அக்கா" என்று, கறிக்குத் தூள் கூட்டச் சொல்வதுபோலக் கேட்பார்கள்.

கடையின் பின்னறை ஒரு சின்னக் குசினி மாதிரி, அடுப்பும் ஆவியுமாகத்தான் இருக்கும். உருக்குத் தட்டுகளில் சாயத் தண்ணீர் கொதிக்கிற நிலைக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். கொதித்துவிட்டால் லென்ஸில் வெடிப்பு விழும். ஒரு சோடி லென்ஸையும் கம்பிப் பிடியில் மாட்டி ஒன்றாக இறக்க வேண்டும், ஒன்றாக எடுக்க வேண்டும். தனித்தனியே விட்டால் ஒரு கண் றோஸாகவும் மறுகண் வேறாகவும் வந்து நிற்கும். எடுத்து, கழுவி, துடைத்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்து, மறுபடி இறக்க வேண்டும். எல்லா லென்ஸும் ஒரே வேகத்தில் நிறம் குடிக்காது. கடைசியில் மீற்றரில் வைத்து, மறிக்க வேண்டிய வெளிச்சத்தை மறிக்கிறதா என்று அளக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு றோஸ் நிறம் மீற்றரில் இரண்டு விதமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் சோடியை டெஸ் தானே ஒரு கிழமை போட்டுத் திரிந்தார். தெருவில் பெடியள் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவருக்கு அது காதிலேயே விழவில்லை.

பின்னறையின் மூலையில் ஒரு பழுதான ரியூப் லைற் இருந்தது. துடிக்கும், முனகும். மாற்ற வந்த மின்சாரக்காரரை டெஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். தலையிடிப் பிள்ளை வந்தால் அந்த லைற்றுக்குக் கீழேதான் இருத்துவார். பரிசோதனைக் கண்ணாடிச் சட்டத்தில் றோஸ் லென்ஸைப் போட்டு, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார். கழற்றிவிட்டு இன்னொரு பக்கம். பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். தாங்காத பிள்ளையின் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போகும்.

ஆனால் இவ்வளவுக்கும் முன்னால் அந்த மூன்று கேள்விகள். காலையில் கண் விழிக்கும்போதே வலி இருக்கிறதா? சாப்பிட முதலே சத்தி, அதுதான் வாந்தி, வருகிறதா? குனிந்தால், இருமினால் கூடுகிறதா? கேட்டுவிட்டு, பிள்ளையின் கண்ணுக்குள் சின்ன வெளிச்சத்தை விட்டு, பின்னால் இருக்கிற நரம்பின் முனையைப் பார்ப்பார். அழுகிற பிள்ளைகூட அவர் சொல்வதைக் கேட்பதற்காக அழுகையை நிறுத்தும், அவ்வளவு மெதுவாகப் பேசுவார். மண்டைக்குள் அமுக்கம் கூடினால் அந்த நரம்பு வீங்கும். அப்படி ஒரு பிள்ளைக்கு வேண்டியது ஆஸ்பத்திரி, கண்ணாடி இல்லை. போன மாதம் வந்த பிள்ளை இந்த மாதம் வந்தாலும் திரும்பக் கேட்பார். எனக்கே அலுப்பாக இருக்கும். கவிதா, நீ இப்போது அலுத்துக்கொள்கிறாயே, அதே அலுப்பு.

தாரணி வந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். மெரிலேண்ட்ஸில் எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ரஞ்சியின் மகள், பத்தாம் வகுப்பு. அறை யன்னலைக் கம்பளியால் மூடிவிட்டு, அதற்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்திருந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் நடிக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். குடும்ப டொக்டர் ஒற்றைத் தலையிடி என்று சொல்லி மருந்தும் கொடுத்து, எங்களிடம் அனுப்பியிருந்தார். றோஸ் லென்ஸைக் கண்டதும் "ஐ லுக் லைக் எ கிளவுன்" என்று முகத்தைத் திருப்பினாள். டெஸ் தன்னுடையதை எடுத்து மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் இருந்தார். இரண்டு கோமாளிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

ஒரு பக்கம் வாசித்தாள். தாளைப் புரட்டி அடுத்ததையும் வாசித்தாள். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்து, "டிட் யூ சேஞ்ச் த லைற்?" என்று கேட்டாள். ரஞ்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, சாயத் தட்டைப் பார்க்கிற சாட்டில் உள்ளே போய்விட்டேன்.

அந்தப் பிள்ளைக்குத் தலையிடி முழுதாகப் போகவில்லை. டெஸ் அதை முதலே சொல்லியிருந்தார். மருந்தும் தொடர்ந்தது. ஆனால் பள்ளிக்கூடம் போனாள். ரஞ்சி விட்டாளா? கோயிலில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், கலியாண வீட்டில் எல்லாம் றோஸ் கண்ணாடிதான் கதை. என்னைக் கண்டால் "அந்தக் கண்ணாடி அன்ரி" என்று விரல் நீட்டுகிற அளவுக்குக் கொண்டுபோய் விட்டாள். எனக்கும் அது பிடிக்காமல் இல்லை.

சில மாதங்கள் கழித்துத் தாரணியைத் தாய் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் முகத்தில் மறுபடி கறுப்புக் கண்ணாடி. பழையபடி தலையிடி என்றார்கள். டெஸ் மூன்று கேள்விகளையும் கேட்டார், கண்ணைப் பார்த்தார், எல்லாம் முன்போலத்தான். சாயம் மங்கியிருக்கலாம், அந்தக் கண்ணாடியைத் தா, அளந்து பார்ப்போம் என்றார்.

தாரணி தாயைப் பார்த்தாள்.

"அதை வீட்டிலயே விட்டிட்டு வந்திட்டம்" என்றாள் ரஞ்சி.

"மம், டோன்ற் லை" என்றாள் மகள். பிறகு என்னைப் பார்த்து, "ஷீ சென்ற் இற் டு மெல்பேர்ண்."

ரஞ்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ர தங்கச்சி ஜெயான்ர பெடியனுக்கும் இதே தலையிடி அக்கா. ஸ்பிரிங்வேலில இருக்கினம். ரெண்டு கிழமை போட்டுப் பாக்கட்டும் எண்டு, போற ஆளிட்டக் குடுத்து விட்டனான். சரிவந்தா அவனுக்கும் ஒண்டு செய்விக்கலாம்தானே?"

எங்கள் ஆட்களின் வழக்கம் இது. ஒரு வீட்டில் சுகம் தந்த எண்ணெய், குளிசை, முழங்கால் பட்டி எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கும் போகும். கண்ணாடி போனதை நான் அப்போதுதான் கண்டேன். அதில் தாரணியின் கண்ணுக்கான பவரும் இருந்தது. டெஸ்ஸுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு, "அந்தப் பையனை யார் பரிசோதித்தது?" என்று கேட்டார். ரஞ்சி நிலத்தைப் பார்த்தாள்.

ரஞ்சியிடம் நம்பரை வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெயாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். கண்ணாடியைத் திருப்பி அனுப்பச் சொல்லி நாலு வார்த்தை ஏசுவதுதான் நோக்கம்.

"ஐயோ அக்கா, நீங்களோ!" அவளுக்குச் சந்தோசம். "கண்ணாடி நல்ல வேலை செய்யுது. பின்னேரத்தில கீர்த்தனுக்குத் தலையிடி இல்லை."

"காலமையில?"

"காலமைதான் கொஞ்சம். எழும்பின உடன சத்தி எடுப்பான். எடுத்தாப் பிறகு சுகமாயிடும். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவான்."

"சாப்பிட முதலோ?"

"ஓம், வெறும் வயித்தில."

"குனிஞ்சாக் கூடுதோ, ஜெயா?"

"சப்பாத்துக்கு நூல் கட்டக் குனிஞ்சா அழுவான். அதால நான்தான் கட்டிவிடுறனான்."

டொக்டரிடம் காட்டினீரா என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்திருந்தார்கள். மெடிக்கல் முடிவு வரவில்லை. குடும்பத்தில் ஒருவர் அதில் விழுந்தால் எல்லோரும் விழுவார்கள். "பிள்ளைக்கு வருத்தம் எண்டு கொம்பியூட்டரில ஏறிச்சுதெண்டா எங்களை அப்பிடியே திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் அக்கா. அங்க அனுப்பினா என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்ல வேணுமே?"

சொல்லத் தேவையில்லை. எரிந்த கடையின் மணம் எனக்கு அந்த நிமிடம் மூக்கில் அடித்தது.

"இது சும்மா தலையிடி இல்லை ஜெயா. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போம்."

"முடிவு வரட்டும் அக்கா. இன்னும் கொஞ்ச நாள்தான். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. என்ர பிள்ளையின்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

நான் கெஞ்சினேன், ஏசினேன். அவள் அழுதுகொண்டு அதையே சொன்னாள். கடைசியில் "சரி, சத்தியம்" என்றேன். வைத்துவிட்டாள்.

பிள்ளையின் தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தப் பிள்ளையின் தலைக்குத்தான் கேடு என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். படித்தவள், பட்டணத்தில் வேலை செய்தவள் என்றாலும் அது எலும்புக்குள் இருக்கிறது. மீறினால் அவன் தலை. மீறாவிட்டாலும் அவன் தலை. பின்னறைக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன். மறுபடி ரெலிபோன் எடுத்தேன், அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவையும் எடுத்தேன். தூக்கவில்லை. யாரோ ஒருவருடைய லென்ஸைச் சாயத்தில் விட்டவள் எடுக்க மறந்தேன்.

டெஸ் வந்து அந்த லென்ஸை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். கறுத்துப் போயிருந்தது. அன்றைக்கு அதை மூக்கில் மாட்டிக்கொண்டு நடக்கவில்லை.

"யாருக்கு என்ன?" என்று கேட்டார்.

"ஒரு பையன்" என்றேன். அதற்கு மேல் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். அவர் மூன்று கேள்விகளையும் கேட்டார். மூன்றுக்கும் ஆம் என்றேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"பெயர்? விலாசம்?"

விசாக் கதையைச் சொன்னேன். சத்தியத்தையும் சொன்னேன். வேறு ஒருவராக இருந்தால் விசா என்ன பெரிய விசா என்றிருப்பார், நானும் வாயை மூடியிருப்பேன். டெஸ் அப்படிச் சொல்லவில்லை. "விசாவைப் பற்றி நான் உனக்கு ஒரு உறுதியும் தர முடியாது, வசந்தி. அது கெட்டுப்போனாலும் போகும். பையன் உயிரோடு இருந்தால் அதற்காகச் சண்டை பிடிக்கலாம்" என்றார். சாயத் தட்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் பெயரைச் சொன்னேன். ரஞ்சியிடம் போய் விலாசத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன். கண்ணாடியைத் தபாலில் எடுப்பிக்க என்று அவளுக்குப் பொய் சொன்னேன்.

டெஸ்ஸோடு ஒன்றாகப் படித்த ஒருவர் ஸ்பிரிங்வேலில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். டெஸ் ரெலிபோனில் சொன்னது நாலு வசனம் இருக்காது. அந்த மனிதர் கடையைப் பூட்டிவிட்டு, கருவிப் பெட்டியோடு அந்தப் பின்னேரமே நடந்து போனார்.

அங்கே நடந்ததைப் பிறகு ரஞ்சி சொல்லித்தான் அறிந்தேன். சொன்னாள் என்பதைவிட முகத்தில் எறிந்தாள் என்பதுதான் சரி. கழுத்தில் ரை கட்டிய ஒரு வெள்ளைக்காரர் கறுப்புப் பெட்டியோடு வாசலில் நிற்பதை ஜெயா திரைச்சீலைக்குள்ளால் கண்டாள். இமிகிரேசன் என்று நினைத்துவிட்டாள். ரிவியை நிறுத்தினாள். பெடியனைக் குளியலறைக்குள் தள்ளி, லைற்றை அணைத்து, மூச்சு விடக்கூடாது என்றாள். பதினொரு வயதுப் பிள்ளை, தாய் சொன்னபடி இருட்டுக்குள் குந்தியிருந்தான். குந்தியிருந்ததுதான் வினை. தலை வெடிக்க, சத்தி எடுத்தான். வெளியே கேட்டது. அந்த மனிதர் கதவைத் தட்டி என் பெயரைச் சொன்னார். வசந்தி அனுப்பினவர், வசந்தி, மெரிலேண்ட்ஸ் வசந்தி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜெயா அப்போதும் திறக்கவில்லை. உள்ளே பிள்ளை விழுந்த சத்தம் கேட்டுத்தான் திறந்தாள்.

குசினிக் கதிரையில் இருத்தி இரண்டு கண்ணுக்குள்ளும் பார்த்தார். பார்த்துவிட்டு அம்புலன்சைக் கூப்பிட்டார். அது சத்தம் போட்டுக்கொண்டு வந்து பிளாட்ஸுக்கு முன்னால் நின்றது. அக்கம் பக்கம் முழுக்க வெளியே வந்து பார்த்தது. எதற்குப் பயந்து அந்தப் பிள்ளையை மறைத்து வைத்தாளோ, அது அப்படியே நடந்தது.

மூளைக்குப் பின்புறத்தில் ஒரு கட்டி. உள்ளே ஊறுகிற நீர் இறங்கும் வழியை அது அடைத்துக்கொண்டிருந்தது. புற்று இல்லை. வெட்டி எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தான். ஆனால் வீக்கம் இடது கண் நரம்பைத் தின்றிருந்தது, அந்தக் கண்ணில் பாதிப் பார்வைதான் மிஞ்சியது. இன்னும் தாமதித்திருந்தால் என்று தொடங்கிய டொக்டர் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டாராம்.

றோஸ் கண்ணாடி அவனுக்குச் செய்தது என்ன? பின்னேர வெளிச்சத்தை மெதுவாக்கியது. அந்தச் சுகத்தை வைத்துக்கொண்டு தாய் காலமைச் சத்தியைக் கணக்கில் எடுக்காமல் விட்டாள். நான் செய்த கண்ணாடி. நல்ல கண்ணாடிதான், மீற்றரில் ஒரு குறையும் இல்லை.

விசா சிக்கிக்கொண்டது. மேல்முறையீடு, வக்கீல், கடிதம் என்று வருடக்கணக்கில் இழுத்துத்தான் கிடைத்தது. அந்த வருடங்களில் எங்கள் ஆட்களுக்குள் எனக்கு ஒரு பெயர் இருந்தது: காட்டிக்குடுத்தவ. எங்களுக்குள் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பாரம் என்று தமிழ் வாசிக்கிற ஒருவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. தமிழ்ப் பள்ளி விழாவில் ரஞ்சி என் பக்கத்துக் கதிரையிலிருந்து எழும்பிப் போனாள். பிள்ளை பிழைத்ததற்குக் கோயிலில் பொங்கினார்கள், பந்தியில் என் இலையைத் தாண்டிப் போனது கரண்டி. எனக்குக் கோபம் வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் கூட வந்தது. சத்தியத்தை மீறினேன்தான். இன்றைக்கு அந்த ரெலிபோன் வந்தாலும் மீறுவேன்.

தாரணி புதுக் கண்ணாடி எடுக்கத் தாய்க்குத் தெரியாமல் தனியே வந்தாள். எப்போதும் இங்கிலீசில் வெடுக்கென்று பேசுகிற பிள்ளை, போகும்போது வாசலில் நின்று, "நான் எண்டாலும் சொல்லியிருப்பன், அன்ரி" என்று தமிழில் சொன்னாள். அந்த வசனத்தை அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியெல்லாம் பாடமாக்கியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு டெஸ் இரண்டு வழக்கங்களைக் கடையில் கட்டாயமாக்கினார். பிள்ளை நேரில் வராமல் றோஸ் கண்ணாடி இல்லை. அவர் கேட்டுவந்த மூன்று கேள்விகளும் யார் கடையில் நின்றாலும் ஒவ்வொரு தடவையும் உண்டு, அதே பிள்ளை என்றாலும், டொக்டர் அனுப்பிய பிள்ளை என்றாலும். கண்ணாடிக் கூட்டின் உள்பக்கத்தில் "இது இந்தப் பிள்ளைக்கு மட்டும், வேறு ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது" என்று தமிழில் ஒட்டியது என் வேலை. டெஸ் ஓய்வு பெற்று, கடை கை மாறி, சாயத் தட்டுகளைக் குப்பையில் போட்ட பிறகும் அவை இரண்டும் நிற்கின்றன. ஒரு பிள்ளை நேற்று "இல்லை" என்று சொன்ன கேள்விக்கு இன்றைக்கு "ஓம்" என்று சொல்லலாம், கவிதா. கேட்காவிட்டால் அது சொல்லாது. லென்ஸ் கம்ப்யூட்டரில் வரட்டும், எனக்கு ஒரு குறையும் இல்லை.

இதோடு நிறுத்தலாம். ஆனால் என் கடைசி வேலை நாளில் நீ ரெலிபோனை என் கையில் தந்தாயே, அது யார் என்று பிறகு கேட்டாய். நான் சொல்லவில்லை. அந்த நேரம் கேக் வெட்டுகிற கத்தியோடு நின்றேன்.

"வசந்தி அக்காவோ?"

"ஓம்."

"நான் ஜெயா. ஸ்பிரிங்வேல்."

கத்தியை மேசையில் வைத்தேன். இத்தனை வருடத்தில் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நீங்கள் வேலையை விடுறியள் எண்டு ரஞ்சி அக்கா சொன்னவ."

"ஓம். கீர்த்தன் எப்பிடி இருக்கிறான்?"

"இருக்கிறான். வேலைக்குப் போறான். இடப்பக்கத்தால வாற ஆக்களைத் தெரியாது. இடிச்சுப்போட்டு ஐ ஆம் சொறி எண்டுவான்." அதே மூச்சில் சொன்னாள்: "எனக்கு உங்களோட கோவம் இன்னும் போகேல்லை அக்கா."

"தெரியும்."

"என்ர பிள்ளையின்ர தலையில சத்தியம் பண்ணிப்போட்டு, அண்டைக்கே மீறினீங்கள். இன்னொருக்கா என்னோட கதைச்சிருக்கலாமே?"

"எடுத்தனான் ஜெயா. நீர் தூக்கேல்லை. தூக்கியிருந்தா என்ன சொல்லியிருப்பீர்?"

அவள் மூச்சு இழுப்பது கேட்டது.

"வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றாள். "கடைசி மட்டும் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன், அக்கா."

அவளுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல், "அம்மா, ஹூ இஸ் இற்?" என்றது. அவள் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. "இந்தா, கதை" என்றாள். ரெலிபோன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

நான் அவனை ஒருநாளும் கண்டதில்லை. அவன் குரலையும் கேட்டதில்லை.

"ஹலோ?" என்றான் கீர்த்தன்.

நான் அழுதுவிட்டேன்.